மெட்டுத் தெரியாத பொம்பொம்

ஒரு பாட்டுக்குக்கூட மெட்டுத் தெரியாமல் மூன்று வருடம் ஒரு கல்லூரிப் பாட்டுக்குழுவைத் தாங்கிப் பிடித்த ஆள் இந்த உலகத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். அவன் எங்கள் பொம்பொம். சொந்தப் பேர் வேறு என்னவோ. அட்டெண்டன்ஸில் அந்தப் பேரைக் கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்க்க மாட்டான்.

தூத்துக்குடி உப்புக்காற்றில் எங்கள் கல்லூரி கீபோர்டு மண்டையைப் போட்டதில் ஆரம்பித்தது எல்லாம். பாதிக் கட்டைகளை அழுத்தினால் திரும்ப எழுந்திருக்காது. புதிது கேட்டுப் போனோம். முதல்வர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "வாய் இருக்குல்லா? அத வச்சுப் பாடுங்க" என்று அனுப்பிவிட்டார். இப்படித்தான் வாத்தியமே இல்லாமல் ஆறு பேர் வெறும் வாயால் பாடும் குழு பிறந்தது. மெட்டுப் பாடுவது நான். ஆழ்வார்திருநகரிக்காரன். மைக்கைக் கண்டால் விடமாட்டேன் என்று என்னைப் பெற்றவளே சொல்வாள்.

ஆள் எடுக்கும் அன்று நாசரேத்திலிருந்து வந்த ஒரு தடியன் முன்னால் நின்றான். பாடச் சொன்னோம். கண்ணை மூடிக்கொண்டு, "பொம்... பொம்... பொபொம்" என்றான். தொண்டையைச் சரிசெய்கிறான் என்று பொறுமையாக இருந்தோம். அப்படியே பாட்டு முடிந்துவிட்டது.

"என்னலே இது? பாட்டு எங்க?"

"இதாம்லே பாட்டு. எங்க சர்ச் கொயர்ல ஆளுக்கொரு வரிசை. நான் அடிக்குரல். மெட்டெல்லாம் முன்வரிசையில பாடுவாக. அது நமக்கு எதுக்கு?"

சத்தியமாக அவனுக்குத் தெரியாது. எந்தப் பாட்டானாலும் அதன் அடிக்குரல்தான் அவனுக்குப் பாட்டு. ஹாஸ்டலில் பிறந்தநாள் கேக் வெட்டும்போது எல்லோரும் கைதட்டிப் பாட, இவன் மூலையில் நின்று உறுமுவான். கேக் வெட்டுகிறவன் கத்தியோடு இரண்டு அடி பின்னால் போவான். ஒருமுறை துறைமுகம் போகும் பஸ்ஸில் தன்னை மறந்து பாடிக்கொண்டே வந்தான். கண்டக்டர் பதறிப்போய், "ஏலே தம்பி, வயித்துக்குள்ள என்னமும் செய்யுதா? ஜன்னல் பக்கம் போயிரு" என்று சீட்டில் இருந்த ஒரு அண்ணாச்சியை எழுப்பிவிட்டார். பொம்பொம் சந்தோஷமாக உட்கார்ந்து அடுத்த பாட்டைத் தொடங்கினான்.

ஆனால் அவன் ஒருநாள் வராவிட்டால் என் மெட்டு அந்தரத்தில் தொங்கும். அதை அவனிடம் நான் சொன்னதில்லை. சொன்னால் தலைக்கு ஏறிவிடும்.

குழுவில் நடுக்குரல் பாடுகிறவள் ஷீபா. சாத்தான்குளத்து டீச்சர் மகள். அவளும் கொயர்தான், அவளுக்கும் மெட்டு சுத்தமாகத் தெரியாது. ஒத்திகைக்கு வரும்போதெல்லாம் பொம்பொம் ஒரு பொட்டலம் மக்ரூன் கொண்டுவந்து அவள் பக்கம் நகர்த்துவான். "சும்மா கெடந்துச்சு" என்பான். பேக்கரியில் மக்ரூன் எப்போது சும்மா கிடந்தது? அவளும் ஒன்றும் கேட்காமல் சாப்பிடுவாள். மூன்று வருடம் இதைத் தாண்டி ஒரு வார்த்தை போகவில்லை.

கடைசி வருடம் பிரிவு விழா வந்தது. ஷீபாவுக்குப் பெங்களூரில் வேலை, மறுநாள் காலை பஸ். பொம்பொம் வியர்த்து வழிந்துகொண்டு என்னிடம் வந்தான்.

"மக்கா, அவ நாளைக்குப் போயிருவா. இன்னைக்குச் சொல்லியாகணும்."

"போய்ச் சொல்லுலே."

"பேச வராது. நம்ம காதல் பாட்டு இருக்குல்லா, அதப் பாடுதேன்."

"அதுல உனக்கு பொம் பொம் தானலே! நில்லு, நான் மெட்டுப் பாடுதேன், நீ கூட நில்லு."

அவன் என்னை முறைத்தான். "நீ பாடுனா நீ சொன்ன மாதிரி ஆயிரும்லே. வாயத் தொறந்த, கொன்னுருவேன்."

மேடையேறினான். தனியாக. "பொம்... பொம்... பொபொம்." மைக் டெஸ்டிங் என்று நினைத்து ஹால் பேசிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பேராசிரியர் ஒருவர் என் பக்கம் சாய்ந்து, "பாட்டு எப்பம்பா ஆரம்பிக்கும்?" என்றார். பாட்டு பாதி முடிந்திருந்தது! நடுவில் அடிக்குரலுக்கு ஓய்வு வரும் இடம். யோக்கியன், விரல்விட்டு எண்ணிக்கொண்டு சும்மா நின்றான். முடிந்தது என்று ஹாலே கைதட்டியது. திரும்ப "பொம்" என்றானே பார்க்கலாம், விசில் கூரையைப் பிய்த்தது. "இறங்குலே" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன் காது சிவந்துவிட்டது. ஆனாலும் அவன் நிறுத்தவில்லை.

அப்போது பெண்கள் வரிசையில் ஷீபா எழுந்தாள். நின்ற இடத்திலிருந்தே, சரியான தாளத்தில், "ஊ... ஊ... ஆ..." என்று நடுக்குரலை எடுத்தாள்.

விசில் நின்றது. அடிக்குரல் இருக்கிறது, நடுக்குரல் இருக்கிறது, பாட்டைக் காணோம்! என்ன பாட்டு என்று அந்த ஹாலில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. பக்கத்திலிருந்தவன் என் விலாவில் இடித்தான். "லே, நீயாவது மெட்ட எடுலே, மண்டை வெடிக்கி." என் நாக்கு துடித்தது. கைக்குட்டையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டேன்.

பாடி முடித்ததும் ஷீபா நேரே அவனிடம் போனாள். "ரெண்டாவது வரியில வேகமா ஓடிட்ட" என்று கடிந்துகொண்டாள். அவன் தலையைக் குனிந்து நின்றான். "காலையில ஏழு மணிக்கு பஸ்ஸு. வந்து ஏத்தி விடு. அடுத்த மாசம் நீயும் அங்கன வேலை தேடி வாரே" என்றாள். பொம்பொம் பையிலிருந்து ஒரு மக்ரூன் பொட்டலத்தை எடுத்து அவளிடம் நீட்டினான்.

இப்போது பெங்களூரில் இருவரும் சேர்ந்து மகளுக்குத் தாலாட்டுப் பாடுகிறார்கள். ஃபோனில் கேட்டேன். மெட்டு மருந்துக்கும் இல்லை. பிள்ளை அருமையாகத் தூங்குகிறது.

நானும் அதற்குப்பின் எத்தனையோ மேடை ஏறிவிட்டேன். யார் பாடினாலும் கூடச் சேர்ந்து இழுக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. அந்தக் கிறுக்கனைத் தவிர வேறு யாருக்காகவும் நான் வாயை மூடிக்கொண்டு நின்றதில்லை.