முசிறி வரை கேட்ட கடுகு

தெரியாத வேலையில் யாருக்கும் மானம் போவதில்லை. நாலு பேரைக் கேட்டுச் செய்துவிடுவோம். தெரிந்த வேலையில்தான் போகும். எனக்கு வயர்லெஸ் நன்றாகத் தெரியும். (பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் பாடம் எடுப்பவள். அந்தக் காலத்தில் இதைக் கறிகாய்க்காரரிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.)

பத்து வருஷம் இருக்கும். திருச்சியில் லைசென்ஸ் வாங்கிப் பொழுதுபோக்காக வயர்லெஸ் பேசும் ஒன்பது பேர் ஒரு சங்கம் வைத்திருந்தோம். அதில் பெண் நான் ஒருத்திதான். ஆடியில் காவிரியில் தண்ணீர் ஏறினால் ஆளுக்கொரு கரையில் நின்று நிலவரம் சொல்லிக்கொள்வோம். ஆனால் கையடக்க வாக்கிடாக்கி நாலைந்து கிலோமீட்டர் தாண்டாது. முசிறிக்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் ஸ்ரீரங்கத்துக்குக் கேட்காது.

"நான் ரிப்பீட்டர் செஞ்சு தரேன்" என்றேன் கூட்டத்தில். அதற்கு இரண்டு வாக்கிடாக்கி போதும். ஒன்று காதில் வாங்கும். நடுவில் ஒரு ஒயர். மற்றது அதையே வேறு அலைவரிசையில் திருப்பிச் சொல்லும். சத்தம் வந்தாலே தானாக ஒலிபரப்பும். பட்டன் அமுக்க ஆள் வேண்டாம். ஆன்டெனா மட்டும் உயரத்தில் இருக்க வேண்டும்.

சங்கத் தலைவர் சேதுராமன் சார் அரிசி மண்டி வைத்திருப்பவர். அவர் ஒன்றே ஒன்று சொன்னார்.

"செய்ங்கம்மா. அந்த மைக் பிளக்கை மட்டும் நல்லா அமுத்திடுங்க. பாதியில நின்னுச்சுன்னா செட்டோட சொந்த மைக் வேலை செய்ய ஆரம்பிச்சுடும்."

எனக்கு வந்ததே கோபம்! எனக்கா பிளக் சொருகச் சொல்லித் தருவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சோதனை. ஸ்ரீரங்கத்தில் ஆறாவது மாடியில் எங்கள் வீடு. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிமேல் ஆன்டெனாவைக் கட்டினேன். தூறல் போட்டதால் இரண்டு செட்டையும் சமையலறை ஃபிரிட்ஜ்மேல் வைத்து, ஜன்னல் வழியாகக் கேபிள் இழுத்தேன். சேதுராமன் சார் ஜீயபுரத்தில், ஒருவர் முசிறியில் தன் வீட்டு மாடியில், ஜோசப் என்பவர் பக்கத்திலேயே அம்மா மண்டபப் படித்துறையில். செல்போனால் இரைச்சல் வருமென்று அதை அணைத்து பீரோவில் வைத்தேன். என் காதுக்கென்று வைத்திருந்த மூன்றாவது செட் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் இருப்பதால் கூவக் கூடாதென்று அதன் சத்தத்தையும் அடியோடு குறைத்தேன். (என்ன முன்யோசனை!)

ஃபிரிட்ஜ்மேல் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா! யாரோ பேசறாங்க, நம்ம செட் திருப்பிச் சொல்லுது!" என்று குதித்தேன்.

என் கணவர் பாஸ்கர் உப்புமாவுக்குத் தாளித்துக்கொண்டிருந்தார். "யாரு பேசறா?"

"சேதுராமன் சாராத்தான் இருக்கும். அவருதான் நிறுத்தவே மாட்டாரு." விளக்கு எரிந்தது. "எனக்கே பிளக் சொருகச் சொல்லித் தராரு. பொன்னி அரிசியப் பத்திக் கேட்டா சொல்லுவாரு. ரெசிஸ்டரைப் பத்தி அவருக்கு என்னங்க தெரியும்?" விளக்கு பிரமாதமாக எரிந்தது. "பாத்துக்கிட்டே இருங்க. அடுத்த தலைவர் நான்தான்."

"ஆகுங்க தலைவரே. உப்புமால உப்பு போட்டேனா இல்லையா, அதைச் சொல்லுங்க."

நான் வாயை மூடினால் விளக்கு அணைகிறது, திறந்தால் எரிகிறது என்பதை ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியை கால் மணி நேரம் கவனிக்கவில்லை.

காலிங் பெல் விடாமல் அடித்தது. மூச்சிரைக்க ஜோசப். வாயில் விரலை வைத்து ஃபிரிட்ஜைக் காட்டினார்.

"ஏன் ஜோசப், என்னாச்சு? சேதுராமன் சார் சொதப்பிட்டாரா?" என்றேன், உரக்க.

ஜோசப் தலையில் கைவைத்துக்கொண்டார். "மேடம், பேசாதீங்க! எல்லாருக்கும் நீங்கதான் கேக்குது!"

போய்ப் பார்த்தேன். பிளக் பாதிதான் உள்ளே போயிருந்தது. அமுத்தினேன். 'டிக்'கென்றது. மூன்றாவது செட்டின் சத்தத்தைக் கூட்டினேன். ஜீயபுரத்திலிருந்து சேதுராமன் சார், கண்ணாடி மாதிரித் தெளிவாக.

"முசிறி, நான் பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது சார். உப்புமா ஆயிடுச்சாமா?"

அன்று மாலையே மண்டிக்குப் போனேன். "மன்னிச்சிடுங்க சார்" என்பதற்குமேல் எதுவும் வரவில்லை.

"விடுங்கம்மா. ரெசிஸ்டர் எனக்குத் தெரியாதுதான்" என்றார். பிறகு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "இவங்க வீட்டுல கடுகு வெடிச்சது முசிறியில கேட்டுச்சுய்யா! நம்ம சங்கத்துல வேற யாரு இப்படிச் செஞ்சிருக்கா?"

அந்த ஆடியில் வெள்ளம் வந்து, செல்போன் டவர் படுத்துவிட்ட ஒரு முழுப் பகல், முசிறியில் தண்ணீர் ஏறுவதை ஜீயபுரத்துக்குச் சொன்னது அந்த இரண்டு செட்டுகள்தான். வாழைத் தோட்டத்துக்காரர்கள் மோட்டாரையும் மாடுகளையும் மேட்டுக்கு ஏற்றிவிட்டார்கள்.

வீட்டில் ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. நான் உறவினர் எவரையாவது பற்றி ஆரம்பித்தால் போதும், "முசிறி நேயர்களுக்கு வணக்கம்" என்பார் பாஸ்கர். போன மாதம் மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, ஒரு கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று மெல்ல என் காதருகே சாய்ந்தார். நானும் ஆவலாகச் சாய்ந்தேன். எதிரே இருந்த மாப்பிள்ளை கைகூப்பி, "முசிறி நேயர்களுக்கு வணக்கம்" என்றார்.

மகளைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்தாள். எத்தனை நாளாக இருவரும் பேசிக்கொள்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.