தலை தீபாவளியும் மன்னிக்கும் மட்டையும்

ஒரு விஷயத்தைப் பல வருடங்களாகத் தெரிந்து வைத்திருப்பவரால் யாருக்கும் தொந்தரவில்லை. அவர் பாட்டுக்குச் சும்மா இருப்பார். நேற்று சாயங்காலம்தான் தெரிந்துகொண்டவன் இருக்கிறானே, அவனை வீட்டுக்குள் விடவே கூடாது. நான் அந்த இரண்டாவது ரகம். ஒரு மிக்ஸி வாங்குவதாக இருந்தால்கூட ராத்திரியெல்லாம் வீடியோ பார்த்துவிட்டு, மறுநாள் மிக்ஸியைக் கண்டுபிடித்தவன் மாதிரி பேசுவேன். (இன்னும் அப்படித்தான் என்பது என் மனைவியின் கருத்து. அவளிடம் யாரும் கேட்கவில்லை.)

சில வருடங்களுக்கு முன் என் தங்கை கவிதாவுக்குத் தலை தீபாவளி வந்தது. மாப்பிள்ளைக்கு ஏதாவது செய்தாக வேண்டும். மோதிரம் கல்யாணத்திலேயே போட்டாகிவிட்டது. வாட்ச் கட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பைக் இருக்கிறது. சேலையூரில் எங்கள் வீட்டு ஹாலில் அப்பா, அம்மா, நான் மூவரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது கவிதாவே போனில் வழி சொன்னாள்.

"அவருக்கு கோல்ஃப்னா உயிருப்பா. இன்னமும் இரவல் மட்டையை வெச்சுத்தான் ஆடிட்டிருக்காரு."

மாப்பிள்ளை பிரகாஷுக்கு ஓ.எம்.ஆரில் ஒரு பெரிய கம்பெனியில் வேலை. அவருடைய மேனேஜருக்கு கோல்ஃப் பைத்தியம், அதனால் டீம் மொத்தத்துக்கும் அந்தப் பைத்தியம் பிடித்திருந்தது. அந்த ஆட்டத்தில் பிரகாஷ் சூரர் என்று எங்களுக்குச் சொன்னவர் அவருடைய அப்பா. குரோம்பேட்டையில் காலமெல்லாம் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். நிச்சயதார்த்தம், கல்யாணம், மறுவீடு என்று பார்த்த இடத்திலெல்லாம் அவர் ஒரே விஷயத்தைச் சொல்வார்.

"கோல்ஃப்ல ஹேண்டிகேப்னு ஒண்ணு போடுவாங்க சம்பந்தி. நம்ம பையனுக்கு இருபத்துநாலு. அவன் மேனேஜருக்கே ஒன்பதுதான்."

ஒன்பதைவிட இருபத்துநாலு பெரிது. சொல்பவரோ கணக்கு வாத்தியார். யாருக்குச் சந்தேகம் வரும்? அப்பா அந்த எண்ணை எங்கள் காலனி முழுக்கப் பரப்பிவிட்டார்.

மட்டை வாங்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. வந்தது என்ன, நானே பிடுங்கிக்கொண்டேன். மட்டையின் நீளத்துக்கு மணிக்கட்டிலிருந்து தரைவரை அளவு வேண்டும் என்று எங்கேயோ படித்துவிட்டு, அதை எடுத்து அனுப்பச் சொல்லி கவிதாவை நச்சரித்தேன். பேண்ட் தைக்க என்று அவரை நிறுத்திவைத்து அளந்தாளாம். "எந்த பேண்ட்டுக்கு மணிக்கட்டை அளக்கறாங்கன்னு கேக்கறாருண்ணா" என்று திட்டினாள்.

நகரத்துக்குள் கோல்ஃப் சாமான் மட்டுமே விற்கும் கடை ஒன்றைக் கண்டுபிடித்துப் போனேன். உள்ளே பச்சைக் கம்பளம், ஒரு மூலையில் பந்தை அடித்துப் பார்க்க வலை. கடைக்காரரிடம், "எங்க வீட்டு மாப்பிள்ளைக்கு. பெரிய பிளேயர். இருக்கறதிலேயே உசந்த அயர்ன் செட்டா காட்டுங்க" என்றேன். (அயர்ன் என்றால் இரும்புத் தலை வைத்த மட்டை. அதுவும் அன்று காலை ரயிலில் வரும்போது தெரிந்துகொண்டதுதான்.)

அவர் ஒன்றை எடுத்து நீட்டினார். தலை மெல்லிசாக, முதுகு வழவழவென்று கத்தி மாதிரி பளபளத்தது. இதையே கொடுத்துவிடுங்கள் என்று வாயைத் திறந்தேன்.

"அவரோட ஹேண்டிகேப் எவ்வளவு சார்?"

"இருபத்துநாலு" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் மட்டையை என் கையிலிருந்து வாங்கி, மறுபடி ஸ்டாண்டில் வைத்தார்.

ஹேண்டிகேப் என்பது மார்க் இல்லை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. பந்தை இத்தனை தடவை அடித்து மைதானத்தின் குழிகளையெல்லாம் முடிக்க வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குமேல் நம்மாள் ஏறக்குறைய எத்தனை அடி கூடுதலாக அடிப்பார் என்பதுதான் அந்த எண். கூடக் கூட மோசம். அந்த மெல்லிசு மட்டை கெட்டிக்காரர்களுக்கானது. பந்து தலையின் நடுவில் படாமல் கொஞ்சம் விலகிப் பட்டாலும் எங்கேயோ போய்விடும், கையும் விறுவிறுக்கும். நம்மாளுக்கு வேண்டியது வேறு ரகம். தலை பெரிதாக, அடிப்பாகம் அகலமாக, முதுகைக் குடைந்து எடையை ஓரங்களுக்குத் தள்ளியிருப்பார்கள். எங்கே பட்டாலும் பந்து ஓரளவு நேராகப் போகும்.

"தப்பா அடிச்சாலும் மன்னிச்சுடும் சார். அடிச்சுப் பாருங்க" என்றார்.

வலைக்கு முன் நின்று முழு மூச்சாக வீசினேன். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

"பந்தைத் தொட்டாத்தான் சார் மன்னிக்கும்."

அந்த செட்டையே வாங்கினேன். அதில் ஒரு தப்பும் இல்லை. இன்றைக்கும் சொல்வேன், வாங்கியது சரியான மட்டை. வாங்கியவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை.

தாம்பரத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். டிரைவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, இம்மாம் நீளமா கீது?" என்றார். கேட்டது அவர் குற்றம். வீடு வரும்வரை அவருக்கு ஹேண்டிகேப் பாடம் நடத்தினேன். இறங்கும்போது, "அப்போ கம்மியா வாங்கறவன்தான் கில்லாடியா? பேஜார் புடிச்ச ஆட்டம் சார்" என்றார். ஒருத்தருக்குப் புரியவைத்துவிட்ட பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

தலை தீபாவளிக்குப் பொண்ணும் மாப்பிள்ளையும் மட்டும் வருவதுதான் வழக்கம். சம்பந்தி வீடு பக்கத்திலேயே இருப்பதால் அப்பா அவர்களையும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். எண்ணெய்க் குளியல், புதுத்துணி, பட்டாசு எல்லாம் முடிந்து ஹாலில் கூடியிருந்தோம். பலகாரத் தட்டோடு வந்த எதிர்வீட்டு வங்கி அதிகாரியும் மனைவியும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களிடம் சம்பந்தி மாமா, இருபத்துநாலு, மேனேஜருக்கு ஒன்பது என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

அப்பா பெட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். பிரித்ததும் பிரகாஷின் முகம் மலர்ந்துவிட்டது. ஒரு மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்து, "மச்சான், சரியா பாத்து வாங்கியிருக்கீங்க" என்றார். அங்கேயே நின்றிருக்கலாம்.

மாமா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மட்டையைப் பார்த்தார். "இதான் இருக்கறதிலேயே உசந்ததா தம்பி? மேனேஜர்கூட இதான் வெச்சிருப்பாரா?"

"அவருக்கு எதுக்கு மாமா இது" என்று ஆரம்பித்தேன்.

பிரகாஷ் இருமினார். "மச்சான், பசிக்குது, சாப்பிடலாமே" என்றார். கவிதா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். (தூசி விழுந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக.)

"ஒரு நிமிஷம் மாப்பிள்ளை" என்று அவரை உட்காரவைத்துவிட்டுத் தொடர்ந்தேன். கடைக்காரர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். இது தப்பாக அடிப்பவர்களுக்கான மட்டை. நடுவில் அடிக்கத் தெரியாவிட்டாலும் காப்பாற்றிவிடும். இருபத்துநாலு என்பது இருபத்துநாலு அடி கூடுதல். கூடக் கூட மோசம். புரிவதற்காக, "கிரிக்கெட்ல நோ பால் மாதிரி வெச்சுக்குங்களேன், நிறைய போட்டா பெருமையா?" என்று உதாரணம் வேறு.

 எதிர்வீட்டுக்காரர் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்போ மேனேஜர்தான் நல்லா ஆடறவரா?" என்றார் மாமா.

"பின்னே? ஒன்பதுன்னா சும்மாவா மாமா" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மகன் பக்கம் திரும்பி, மெதுவாகக் கேட்டார். "ஏன்டா, உனக்கு இது தெரியும்தானே? ஏன் சொல்லல?"

பிரகாஷ் மட்டையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க சந்தோஷமா சொல்லிட்டிருந்தீங்கப்பா."

மாமா இலையில் உட்கார்ந்தார், சாப்பிட்டார், பாயசம் நன்றாக இருக்கிறது என்றுகூட அம்மாவிடம் சொன்னார். ஆனால் சாப்பிட்ட கையோடு, வெயில் ஏறுகிறது என்று சொல்லிக் கிளம்பிவிட்டார். ஐப்பசி மாதத்தில், மழை தூறிக்கொண்டிருக்கும்போது.

சாயங்காலம் மொட்டைமாடியில் பிரகாஷ் என்னிடம் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எங்கப்பாகிட்ட டியூஷன் படிச்சவங்க எல்லாம் நூத்துக்கு நூறு மச்சான். நான் ஒருத்தன்தான் அறுபதைத் தாண்டல. என்னைப் பத்தி அவர் வெளியில பேசினதே இதான் மொதல் தடவை" என்றார். எனக்கு அப்படியே கீழே குதித்துவிடலாமா என்றிருந்தது. ஓர் அப்பாவின் பெருமையைப் பட்டாசு மாதிரி நடு ஹாலில் வைத்துக் கொளுத்தியிருக்கிறேன். அதுவும் உதாரணத்தோடு.

மறுவாரம் மன்னிப்புக் கேட்க குரோம்பேட்டைக்குப் போனேன். போனவன் மன்னிப்பு மட்டும் கேட்டானா? "இருபத்துநாலு அப்படியொண்ணும் மோசமில்ல மாமா, ஆரம்பிச்சவங்கள்ல பல பேருக்கு முப்பதுக்கு மேலதான்" என்றேன்.

மாமா காபி டம்ளரைக் கீழே வைத்தார். "அதாவது கடைசி பெஞ்ச் இல்ல, அதுக்கு முந்தின பெஞ்ச். அப்படித்தானே தம்பி?"

அதோடு எழுந்து வந்துவிட்டேன்.

இன்று எங்கள் வீட்டில் யார் எந்த எண்ணைச் சொன்னாலும், அப்பாவின் சர்க்கரை அளவோ என் மகனின் ரேங்க்கோ, யாராவது ஒருவர் என் பக்கம் திரும்பி, "இது கூடினா நல்லதா, குறைஞ்சா நல்லதா?" என்று கேட்பார்கள். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். கவிதாவின் வளைகாப்பில் ஒரு உறவினர், "பையன் கோல்ஃப்ல எவ்வளவு?" என்று மாமாவையே கேட்டுவிட்டார். மாமா என்னைக் கை காட்டினார். "அதைத் தம்பிகிட்ட கேளுங்க. கணக்கெல்லாம் அவருக்குத்தான் தெரியும்." கூடம் முழுக்கச் சிரிப்பு. நான் புளியோதரையைப் பாதியில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன்.

அந்த மட்டை நிஜமாகவே நல்ல மட்டை. பிரகாஷ் இப்போது பதினெட்டுக்கு இறங்கிவிட்டார். அது பெரிய முன்னேற்றம் என்று மாமாவுக்கும் தெரியும், பிரகாஷே சொல்லியிருக்கிறார். மாமா அதை இதுவரை ஒருவரிடமும் சொன்னதில்லை.