பயனாளி அமர்கிறார்

மதிப்புக்குரிய மாமாவுக்கு அக்கா மகள் எழுதுவது.

நீங்கள் பிறந்ததிலிருந்து ஒருமுறைகூடச் சிறுநீர் கழித்ததில்லை. கழித்திருந்தால், இடுப்பிலிருந்து பாதம்வரை பதினொரு பட்டைகள் வைத்து ஒரு நடை இயந்திரத்தை வடிவமைத்து, 'போட்டுப் பார்த்துச் சொல்' என்று என்னிடம் கொடுத்திருக்க மாட்டீர்கள். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லவும்.

திங்கட்கிழமை அதோடு அலுவலகம் போனேன். மாட்டிவிட்டது அண்ணன், கழற்றவும் அவன்தான் வரணும். அதுவரை ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கவில்லை. சக்கர நாற்காலியில் ஏற எனக்கு யார் தயவும் வேண்டாம், நடக்கத்தான் ஆள் வேண்டும், அதற்கு உங்கள் விளம்பரத் தாளில் 'சுதந்திரம்' என்று பெயர். இரண்டு கையிலும் ஊன்றுகோல், அதனால் ஃபைலைத் தூக்க முடியாது, மூக்கு அரித்தால் பக்கத்து மேசை அக்காவைக் கூப்பிடணும். இதுல அது வாயைத் திறந்து பேச வேற செய்யுது மாமா. எழுந்தால் "பயனாளி எழுகிறார்." உட்கார்ந்தால் "பயனாளி அமர்கிறார்." என்ன பயன், யாருக்குன்னு மட்டும் சொல்ல மாட்டேங்குது.

மதியம் ஊழியர் கூட்டம். என் சக்கர நாற்காலி ஏறி வரும் வாசல் சாய்தளத்தை இடித்துவிட்டுத் தன் காரை நிறுத்த இடம் பண்ணப்போவதாக மேலாளர் சொன்னார். "அதான் நடக்கிறியேம்மா, இனி உனக்கு அது எதுக்கு?" உங்கள் இயந்திரம் ஒரு படிகூட ஏறாது என்று சொல்லத்தான் எழுந்தேன். கோபத்தில் அசையாமல் நின்று பேசினேனா, சும்மா நிற்கிறேன்னு நினைச்சு, மின்சாரத்தை மிச்சம்பிடிக்க, "பயனாளி அமர்கிறார்" என்று பாதிப் பேச்சில் உட்கார வைத்துவிட்டது. கூட்டக் குறிப்பில் 'எதிர்ப்பு இல்லை' என்று எழுதிக்கொண்டார்கள்.

இயந்திரத்தோடு நீங்கள் அனுப்பிய படிவம், இன்று எத்தனை அடி நடந்தாய் என்று கேட்கிறது. நூற்று நாற்பது. எங்கே போகணும்னு கிளம்பினே, போய்ச் சேர்ந்தியா என்று கேட்க அதில் ஒரு கட்டம் இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்பி இதை எடுத்துப் போகவும்.

வாழ்த்த வயதில்லை, நீங்கள் ஒருநாளாவது இதை மாட்டிக்கொண்டு வாழ வேண்டி வணங்கும்,
பயனாளி

பின்குறிப்பு: வண்டி வேண்டாம். எழுந்து நின்ற அந்த ஒரு நிமிஷத்தில்தான் பார்த்தேன், மேலாளர் என் தோளுக்குத்தான் வருகிறார். மூன்று வருஷமா அந்த ஆளை அண்ணாந்து பார்த்துப் பயந்திருக்கேன். வியாழக்கிழமை மறுபடி கூட்டம், மறுநாள் இடிக்கிறார்கள். எப்போது உட்காருவது என்று நான் சொல்லணும், அது சொல்லக் கூடாது. புதன்கிழமைக்குள் மாற்றிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா?