நீல வட்டத்தை நம்பியவள்

எனக்குக் கையெழுத்துப் போட வரும். பஸ் போர்டு படிக்க வரும். அதற்கு மேல் படிப்பு எதற்கு என்று இன்றைக்கும் கேட்பேன். போனில் ஒருவரைத் தேட எழுத்து வேண்டுமா என்ன? ஒவ்வொருவருக்கும் வட்டமாக ஒரு படம் இருக்கிறது. அதைப் பார்த்தே தட்டிவிடுவேன். (மகன் குமார் மட்டும் மாசம் ஒரு படம் மாற்றுவான். அவனைத் தேடவே மாட்டேன். பசித்தால் வீட்டுக்கு வருவான்.)

உப்பள முதலாளி கூலியை பாங்க்கில் போட ஆரம்பித்த நேரம். வந்ததா என்று பார்க்கப் போனால் ஒரு நாள் வேலை கெட்டது. அப்போதுதான் பாங்க்காரர்கள், வாட்ஸ்அப்பிலேயே கேட்கலாம், எழுத வராதவர்கள் மைக்கை அழுத்திப் பேசினால் போதும் என்றார்கள். நான் அன்றே கற்றுக்கொண்டேன். பாங்க்குக்கு நீல வட்டம்.

கூட வேலை செய்கிற உப்பளத்துப் பெண்களுக்கு நம்பிக்கை இல்லை. "அதெல்லாம் ஆவுற கதையாக்கா?" என்றாள் அஞ்சலை. வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தோம். "இப்பவே காட்றேன் பாருடி" என்று போனை எடுத்தேன். நடுவெயில். உப்புக் குவியலில் வெயில் பட்டுத் தெறிக்கிறது, போனில் ஒன்றும் தெரியவில்லை. முந்தானையைப் போர்த்திப் பார்த்தேன். நீலமாக வட்டம் தெரிந்தது. அழுத்தினேன்.

"வணக்கம். பணம் வந்துச்சா இல்லியா? எவ்ளோன்னு உடனே சொல்லணும்."

எல்லோரும் கஞ்சியை வைத்துவிட்டுப் போனையே பார்த்தோம்.

"கறாரா கேளுக்கா" என்றாள் அஞ்சலை.

"கேட்டுட்டு சும்மா இருந்தா என்னா அர்த்தம்? நேர்ல வந்தா நல்லா இருக்காது, சொல்லிட்டேன்!"

டிங் என்றது. "பாத்தியா, பேசுது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வைத்தேன்.

"ஏங்க, குண்டுமணி தங்கம்கூட வேணாம்னு எங்க வீட்டுல காபி குடிச்சிட்டு சொன்னது நீங்கதானே? இப்ப பணம் எவ்ளோன்னு மிரட்டுறீங்க? இந்தச் சம்பந்தமே வேணாங்க!"

அஞ்சலை என்னைப் பார்த்தாள். "ஏன்க்கா, பாங்க்ல காபி குடுத்தாங்களா?"

அது கஸ்தூரி. குமாருக்கு வானூரில் பார்த்திருந்த பெண் ரேவதியின் அம்மா. படத்தில் நீலப் புடவை கட்டியிருந்தாள். (வேறு புடவையே இல்லையா அந்த அம்மாவுக்கு?) மூன்று வருஷம் அலைந்து கிடைத்த பெண். குமாருக்கு முன்மண்டையில் முடி விடைபெற்றுக்கொண்டிருந்தது.

கால் உப்பைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினேன். கஸ்தூரி வாசலிலேயே நின்றாள். "வாங்க" என்ற சொல் வரவில்லை. நான் தலை குனியவில்லை. "பாங்க்னு நெனச்சி உங்களுக்குப் பேசிட்டேன்" என்றேன்.

"நல்லா இருக்குது கதை" என்றாள்.

ரேவதிதான் வெளியே வந்து, "குடுங்க அத்தை" என்று போனை வாங்கினாள். பாங்க்கின் நீல வட்டத்தைத் திறந்து, நான் பேசியதையெல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டாள்.

"ஏம்பா, சாப்ட்டியா? என் கணக்குல எவ்ளோ இருக்குது?"

"இவ்ளோதானா? நல்லாப் பாருப்பா."

கஸ்தூரி வாயை இறுக்கிக்கொண்டாள். அடுத்தது ஓடியது.

"வானூர்ல பொண்ணு பாத்திருக்கோம்பா. தங்கமான பொண்ணு. அவங்களை ஒரு பைசா கேக்க மாட்டேன், கல்யாணச் செலவு என்னுது. லோன் குடுப்பியா?"

அதற்குக் கீழே பாங்க்கின் பதிலை ரேவதியே படித்தாள். "மன்னிக்கவும், நீங்கள் சொன்னது புரியவில்லை."

படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். "பாங்க்குக்குப் புரியலன்னா போவுது அத்தை. எங்களுக்குப் புரிஞ்சிடுச்சு."

கஸ்தூரி வழி விட்டாள். "உள்ள வாங்க. காலக் கழுவிட்டு வாங்க."

கல்யாணம் ஆகி ரேவதி இப்போது எங்கள் வீட்டில். உப்பளத்துப் பெண்கள் எல்லோரும் போனில்தான் கூலி பார்க்கிறார்கள். அது என்னால்தான், அதை யாரும் சொல்வதில்லை. சம்பந்தியம்மாவுக்கு நான் போன் செய்தால் மட்டும், ஹலோ என்று சொல்லவே மாட்டாள். குரலை மாற்றிக்கொண்டு, "வணக்கம். உங்கள் இருப்பை அறிய ஒன்றை அழுத்தவும்" என்பாள்.

நானும் விடுவதில்லை. "இருப்பு கெடக்கட்டும். மீன் கொழம்பு இருக்குதா? உடனே சொல்லணும். நேர்ல வந்தா நல்லா இருக்காது."