நாற்காலி போட்ட பாவம்

பெருமதிப்பிற்குரிய பெரிய மச்சான் அவர்களுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே உங்கள் தங்கை நலம், அவள் வாயும் நலம். நேரில் வந்தால் கத்திவிடுவேன் என்பதால் இந்தக் கடிதம்.

நிற்க. ஏழைக் குடும்பங்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் கொடுக்கிற உதவித்தொகைக்கு ஆள் பொறுக்கும் கமிட்டியில், இஸ்லாமியப் பொருளாதாரத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று உங்களைப் போட்டார்கள். வெள்ளிக்கிழமை மேடையில், "கையேந்தாத ஏழையை விவரமில்லாதவன் பணக்காரன்னு நினைப்பான், குர்ஆனே சொல்லுது!" என்று முழங்கினீர்கள். நானும் முன்வரிசையில் தலையாட்டினேன். திங்கட்கிழமைதான் அந்த விவரமில்லாதவர் யாரென்று தெரிந்தது.

என் தங்கச்சி புருஷனைப் பறிகொடுத்து, சட்டைக்குப் பித்தான் தைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கிறாள். கமிட்டி வீடு பார்க்க வருகிறது என்றதும், வருகிறவர்களைத் தரையில் உட்கார வைத்தால் மானம் என்னாவது என்று, அடுத்த வாசலில் இருக்கும் என் வீட்டு சோபா, நாற்காலி, மின்விசிறி, டிவி, பீங்கான் கோப்பை வரை நான்தான் சுமந்து போய்ப் போட்டேன். நீங்க என்னடான்னா அந்த சோபாவிலே சாய்ஞ்சு, ரெண்டு டீ குடிச்சு, 'வசதியான வீடு'ன்னு எழுதிட்டு எந்திரிச்சுப் போறீங்க! அந்த சோபா எங்க கல்யாணத்துக்கு நீங்களே வாங்கிக் குடுத்தது மச்சான், அதுகூடவா தெரியலே? அவ வாய் திறந்து கேக்க மாட்டா. கேக்காதவளுக்குக் குடுக்கணும்னுதானே மைக்கைப் பிடிச்சுக்கிட்டுக் கத்துனீங்க? பீஸ் கட்டலேன்னு அவ மூத்த பொண்ணோட பேரை இந்த மாசம் பள்ளிக்கூடத்திலே அடிச்சுடுவாங்களாம். ரெண்டு கடை வச்சிருக்கிற மரக்கடைக்காரரு கிழிஞ்ச சட்டையோட வாசல்லே குந்தியிருந்தாரு, அவருக்குக் கிடைச்சிருச்சு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுன்னு சும்மாவா சொன்னாங்க!

தங்கள் ஆயுளும் அறிவும், முக்கியமாக அறிவு, பெருக இறைவனை இறைஞ்சும்,
உங்கள் தங்கை புருஷன்.

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது தபால்காரர் கமிட்டியின் கடிதத்தோடு வந்தார். நீங்கள் இரண்டாவது டீ குடித்த நேரத்தில் கூட வந்த இருவர் என் வீட்டையும் எட்டிப் பார்த்திருக்கிறார்கள். உட்கார நாற்காலிகூட இல்லாத குடும்பம் என்று எனக்கு உதவித்தொகை பாஸாகிவிட்டது. கமிட்டிக்குக் கண் கூர்மைதான். மேலே கண்டதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். இந்தப் பணம் எனக்கு ஆகுமா, தங்கச்சிக்குத்தான் சேருமா என்று மார்க்கப்படி ஒரு தீர்ப்பு எழுதுங்கள். நாலைந்து கிதாபு புரட்டி நிதானமா எழுதுங்க மச்சான், அவசரமே இல்லை. தங்கச்சிகிட்டே மட்டும் இப்போதைக்கு மூச்சு விடாதீங்க.