விசிறிச் சத்தத்துக்கு வைத்தியம்

சத்த வைத்தியர் என்று ஓர் இனம் உண்டு. இவர் மருத்துவக் கல்லூரிப் பக்கம் போனதில்லை. கணினி பழுதுபார்க்கும் கடைக்கு வாடிக்கையாளராகப் போனதுகூட ஒரு தடவையோ இரண்டு தடவையோதான். ஆனாலும் வீட்டிலோ அலுவலகத்திலோ ஒரு லேப்டாப்பின் விசிறி கொஞ்சம் உரக்கச் சுற்றிவிட்டால் போதும், மூன்றாவது அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாலும் எழுந்து வந்துவிடுவார். வந்ததும் அதன் பக்கத்தில் காதை வைப்பார். கண்ணை மூடுவார். உதட்டைப் பிதுக்குவார். இத்தனையும் முடிந்த பிறகுதான் வாய் திறக்கும்.

"இந்தச் சத்தம் நல்லதில்ல."

எப்போது நல்லது, எப்போது கெட்டது என்றெல்லாம் நீங்கள் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த கேள்வி அவரிடமிருந்து வரும். "வைரஸ் பார்த்தியா?" பார்த்தேன் என்றால், "சார்ஜரைச் சொருகியே வெச்சிருக்கியா?" இல்லை என்றால், "எத்தனை ஜன்னல் திறந்து வெச்சிருக்க?" மூன்று என்றால், "அதான்." ஒன்று என்றாலும், "அதான்." விடை எதுவானாலும் தீர்ப்பு ஒன்றுதான். கடைசியில், எல்லா வைத்தியர்களும் தவறாமல் சொல்லும் அந்த வாசகம் வரும்: "என்னோடது எட்டு வருஷமாச்சு. மூச்சு விடாது."

விடாதுதான். காலையில் இரண்டு மின்னஞ்சல் படிப்பதும், மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டு விளையாடுவதும்தான் அந்தக் கணினியின் முழுநேர உத்தியோகம். வேலையே செய்யாத ஒன்று சத்தம் போடாமல் இருப்பதில் என்ன அதிசயம்? அலுவலகத்தில் அவருமே அப்படித்தானே?

இத்தனைக்கும் இதில் பெரிய ரகசியம் ஒன்றும் கிடையாது. உள்ளே இருக்கும் செயலிக்கு வேலை கூடினால் மின்சாரத்தை அதிகம் இழுக்கும், இழுத்தால் சூடாகும், சூட்டைப் பார்த்து விசிறி வேகம் பிடிக்கும், வேகமாகத் தள்ளப்படும் காற்று குறுகலான துளைகள் வழியாக முண்டியடித்துக்கொண்டு வெளியேறும். அதுதான் நாம் கேட்கும் இரைச்சல். பெட்டி மெலிதாக இருக்க வேண்டும் என்று நாம்தானே ஆசைப்பட்டோம்? மெலிந்த பெட்டிக்குள் பொடி விசிறிதான் வைக்க முடியும், அது நாலு மடங்கு ஓடித்தான் ஆக வேண்டும். ஒன்றுமே செய்யாமல் இருக்கும்போதும் அது கத்தினால் தூசி அடைத்திருக்கிறதா, நமக்குத் தெரியாமல் பின்னால் ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்கலாம். மற்றபடி, வேலை நடக்கிறது, அதனால் சத்தம் வருகிறது. இதைப் பத்து வயதுப் பிள்ளையிடம் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடும். வைத்தியரிடம் சொல்லிப் பாருங்கள். உங்களுக்கே வைரஸ் இருக்கிறதா என்று கேட்பார்.

பொத்தாம்பொதுவாகப் பேசுவானேன்? என் சகலையையே எடுத்துக்கொள்ளுங்கள். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். நல்ல மனிதர். ஆபத்துக்கு உதவுவார், சில சமயம் ஆபத்தையும் அவரே கொண்டுவருவார்.

என் மனைவிக்குக் கட்டட வரைபடம் போடும் தொழில். பதினொரு வருடம் ஒரு நிறுவனத்தில் இவள் வரைந்த வரைபடங்களின் கீழே வேறு யாரோ கையெழுத்துப் போட்டார்கள். போதும் என்று வெளியே வந்து, சாப்பாட்டு மேசையையே அலுவலகமாக்கிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தின் புதுக் கட்டடத்துக்கான போட்டியில் கலந்துகொண்டாள். தன் பெயர் போட்டு அனுப்பும் முதல் வேலை. குழந்தைகள் படிக்கட்டில் உட்கார்ந்தே படிக்கலாம் என்பதுபோல ஒரு வாசிப்பறையை மூன்று மாதம் திருத்தித் திருத்தி வரைந்திருந்தாள். இனிப் பாக்கி ஒன்றே ஒன்று. இல்லாத அந்தக் கட்டடத்துக்குள் நாமே நடந்துபோவது போன்ற ஒரு படத்தைக் கணினி தயாரித்துக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு சுவரிலும் வெயில் எப்படி விழும் என்று அது கணக்குப் போட்டுக்கொண்டே போகும். அதற்கு நாலு மணி நேரம் ஆகும். கடைசி நாள், சனிக்கிழமை, மாலை ஐந்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

பதினொரு மணிக்குத் தொடங்கிவிட்டாள். லேப்டாப்பின் பின்பக்கத்தை இரண்டு புத்தகங்களால் தூக்கி, கீழே காற்றுக்கு வழி விட்டு, மின்சாரத்தைச் சொருகி, என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

"நான் பெரிய பேப்பர்ல பிரிண்ட் எடுத்துட்டு வந்துடறேன். இது பாட்டுக்கு ஓடட்டும். யாரும் தொட வேணாம். பார்த்துக்கோங்க."

"ஒரு ஈகூட உட்காராது" என்றேன். ஈயைப் பற்றித்தான் நான் உறுதி கொடுத்தேன். சகலையைப் பற்றி அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அவர் ஒன்றரை மணிக்கு வந்தார். அக்காவை மாடி வீட்டுத் தோழியிடம் விட்டுவிட்டுத் தனியாக உள்ளே நுழைந்தார். செருப்பைக் கழற்றும்போதே காது விடைத்துவிட்டது.

"என்ன சகலை, வீட்டுக்குள்ள பிளேன் ஓட்டறீங்களா?"

விளக்கினேன். கேட்டார். கேட்டார் என்றால், நான் முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார் என்று அர்த்தம். பிறகு குனிந்து காதை வைத்தார். கண்ணை மூடினார். உதடு பிதுங்கியது.

"இது சூட்டுச் சத்தம் இல்ல. அதிர்வு. மரத்து மேல வெச்சா மரம் சேர்ந்து கத்தும். கீழ மெத்துனு ஏதாவது கொடுக்கணும்."

"தொட வேணாம்னு சொல்லிட்டுப் போயிருக்கா."

"தொடவா போறேன்? தூக்கி வைக்கத்தானே போறேன்."

நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கும் அந்தச் சத்தம் இரண்டு மணி நேரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தது. அவர் சோபாவிலிருந்து பஞ்சுத் தலையணையை எடுத்துவந்து மேசையில் வைத்தார். புத்தகங்களை உருவினார். லேப்டாப்பைப் பச்சைக்குழந்தையைப் படுக்கவைக்கிற பக்குவத்தோடு அதன்மேல் படுக்கவைத்தார். அது அழகாக உள்ளே அமிழ்ந்தது. அமிழ்ந்ததில் கீழே இருந்த காற்றுத் துளைகள் மொத்தமும் அடைபட்டன. பக்கவாட்டில் கொஞ்சம் சத்தம் மிச்சமிருந்தது. அதற்கு ஒரு துண்டை மடித்து அணைகொடுத்தார்.

"இப்ப கேளுங்க."

கேட்டேன். இரைச்சல் பாதியாகிவிட்டிருந்தது. பத்து நிமிடத்தில் முனகலானது. கால் மணி நேரத்தில் ஒரு சின்ன 'டிக்' கேட்டது. அதன்பின் சுத்தமான, அருமையான அமைதி.

"நின்னுடுச்சு பார்த்தீங்களா?" என்றார் சகலை. "கடையில கொடுத்தா இதையே பெருசாச் சொல்லி, பிரிச்சுப் போட்டு ஒரு வாரம் வெச்சுக்குவான்."

நான் அவர் கையைக் குலுக்கினேன். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? குலுக்கியதோடு நிற்காமல் காபியும் போட்டுக் கொடுத்தேன்.

இரண்டரை மணிக்கு என் மனைவி கதவைத் திறந்தாள். கையில் சுருட்டிய தாள்கள். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே, அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏன் சத்தமே இல்ல?"

"மாமா சரி பண்ணிட்டார்" என்றேன், பெருமையாக.

அவள் தாள்களைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். திரை கறுப்பாக இருந்தது. அடிப்பக்கத்தைத் தொட்டவள் கையை உதறினாள். சூடு தாங்காமல், உயிர் பிழைத்தால் போதும் என்று தானாகவே அணைந்துபோயிருந்தது. எண்பத்தொரு சதவீதம் முடித்திருந்ததாம். இந்த மாதிரிப் படத்தில் எண்பத்தொன்றும் ஒன்றுதான், பூஜ்யமும் ஒன்றுதான். மறுபடி முதலிலிருந்து. இருப்பது இரண்டரை மணி நேரம். தேவை நாலு.

அப்போது அவள் கத்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்காத குரல். சகலையைப் பார்த்துக்கூட இல்லை, என்னைப் பார்த்து.

"உங்ககிட்டதானே சொல்லிட்டுப் போனேன்? ஒரே ஒரு விஷயம்தானே கேட்டேன்? மூணு மாசம் நான் தூங்கலையே, அது கண்ணுக்குத் தெரியலையா உங்களுக்கு?"

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஜன்னலைச் சாத்தினேன். சாத்திவிட்டு, மிகவும் இதமான குரலில் சொன்னேன்.

"கொஞ்சம் மெதுவா பேசேன். வந்தவங்க இருக்காங்க."

அவள் என்னை ஒரு நொடி பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். நான் சகலையைப் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்து, பரவாயில்லையே என்பதுபோல் தலையசைத்தார். ஒரு வைத்தியர் இன்னொரு வைத்தியருக்குக் கொடுக்கும் மரியாதை அது. எனக்கு அப்போது உறைக்கவில்லை.

படத்தின் தரத்தைப் பாதியாகக் குறைத்து அவள் மறுபடி ஓடவிட்டாள். நாலு ஐம்பத்து மூன்றுக்கு அனுப்பினாள். வாசிப்பறையில் வெயில் விழவில்லை, ஏதோ மஞ்சள் கறை படிந்ததுபோல் இருந்தது. படிக்கட்டு எது, புத்தக அலமாரி எது என்று வரைந்தவளுக்கு மட்டும்தான் தெரியும்.

மூன்று வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து பதில் வந்தது. வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். வாசிப்பறை பற்றிய யோசனை நன்றாக இருந்ததாகவும், ஆனால் படத்தில் தெளிவாகப் புரியவில்லை என்றும் இரண்டு வரி எழுதியிருந்தார்கள். சகலைக்குப் போனில் சொன்னேன். "அந்த லேப்டாப் சரியில்லன்னு நான் அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

என் மனைவி அந்த மின்னஞ்சலைப் படித்தாள். திரையை மூடினாள். எழுந்து போய்த் துணி மடிக்க உட்கார்ந்தாள். கத்துவாள் என்று நான் காத்திருந்தேன். கத்தினால் நன்றாக இருக்குமே என்றுகூடத் தவித்தேன்.

"என்ன ஆச்சும்மா?" என்று கேட்டேன். மூன்று வாரத்துக்கு முன்பு கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"ஒண்ணுமில்ல" என்றாள், மெதுவாக. நான் சொல்லிக்கொடுத்த அதே மெதுவில்.

பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு துணியை எடுத்து மடித்தேன்.

நீங்கள் இதுவரை என் சகலையை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்திருப்பீர்கள். சிரியுங்கள், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். தலையணையைத் தூக்கிக்கொண்டு திரிகிற ஆள் நீங்கள் இல்லை என்று எனக்கும் தெரியும். சும்மா ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் கடைசியாக யாரோ குரலை உயர்த்தினார்களே, அப்போது நீங்கள் முதலில் கேட்டது என்ன? என்ன ஆச்சு என்றா, ஏன் இப்படிக் கத்துகிறாய் என்றா?

நீங்கள் இதை நிம்மதியாகப் படிக்கிறீர்களே, வீடு அவ்வளவு அமைதியாகவா இருக்கிறது? எதற்கும் ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.