மடுல்சீமைப் படையும் கரைவலைக் கயிறும்

முகில்கள் இறங்கி வந்து முகம் கழுவிச் செல்லும் மடுல்சீமை மலைமகளே! கொழுந்தெடுக்கப் போன தாய்மார் விட்டுச் சென்ற மழலைப் பட்டாளத்தின் ஓலத்தை, பிள்ளைக்காம்பராவின் வாசலில் நின்று ஒற்றைப் புருவ நெளிப்பால் அடக்கும் ஆயாக்களின் அரசியே! கடலைக் கண்ணால் கண்டறியாமலே கடலைக் காக்கப் புறப்பட்ட கலாராணியே! உன் கீர்த்தியைச் சொல்லத் துணிந்த இந்த நாக்கு இடையில் குழறாதிருக்கட்டும்.

அவள் போர்க்கோலம் பூண்ட காரணம் சிறியது. குழந்தைகள் உறங்கிய ஒரு நண்பகலில், கைப்பேசியின் கையகலத் திரையில், கழுத்தில் நைலோன் நூல் இறுகிய ஆமையொன்று வாயைத் திறந்து திறந்து மூடக் கண்டாள். பால் புரையேறிய பிள்ளை அப்படித்தான் மூச்சுக்குத் தவிக்கும். அதன்பின் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் விடியலில், கொழுந்துக் கூடைகள் கேடயங்களாய் அணிவகுத்து நின்ற பெரட்டுக்களத்தின் கற்படியில் ஏறி நின்று, அன்றைய வேலைக்குப் பேர் கொடுக்க வந்தோர் அனைவரும் கேட்க அவள் முழங்கினாள்: “ஞாயித்துக்கெழம பொத்துவில் கடற்கரைக்குப் போறோம்! பிளாஸ்டிக்கு, வலை, கயிறு, ஒரு துண்டு நூலக்கூட அங்க மிச்சம் வைக்கப் போறதில்ல! வர்றவங்க கையத் தூக்குங்க!”

கைகளுக்குப் பதிலாகச் சிரிப்புத்தான் எழுந்தது. ஆயுளெல்லாம் தேயிலைச் செடிகளின் தலைகளைக் கொய்து ஓய்வுபெற்ற கவ்வாத்து வீரர் மாரிசாமி, வெற்றிலைச் சாற்றை ஒருபுறம் உமிழ்ந்துவிட்டு வினவினார்: “கடல் குப்பைய அப்புறம் அள்ளலாம் தாயி. நம்ம லயத்துக் கான் நாறுதே, அத யாரு அள்ளுறது?”

அம்பு நெஞ்சில் தைத்தது. ஆயினும் நெஞ்சு நிமிர்ந்தே இருந்தது. “சரி மாமா. மொதல்ல கானை அள்ளுவோம். நீங்களும் மம்பட்டியோட வரணும்.”

அவ்வாறே லயத்து வீடுகளின் சாக்கடைக் கான்மீது முதற்போர் நடந்தது. ஷம்பூ உறைகளும் சோறு கட்டும் லஞ்ச் ஷீட்டுகளும் மலைபோல் குவிந்தன. அவை மழையில் ஓடைக்கும், ஓடையிலிருந்து ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போயிருக்கும் என்பதை அவள் விரலால் வழிகாட்டிச் சொன்னபோது, சிரித்தவர்களே மிச்சத்தையும் தேடித் தேடி அள்ளினர். துர்நாற்றத்தில் புடம்போடப்பட்ட அந்தச் சேனையே மறு ஞாயிறு பஸ் ஏறியது. இளநீர் வெட்ட உதவுமென்று மாரிசாமி தம் பழைய கவ்வாத்துக் கத்தியைச் சாக்கில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டார்.

பொத்துவில் கரையில் இறங்கிய படை, எல்லையற்றுப் புரண்ட அந்த நீலத்தைக் கண்டு வரிசை கலைந்தது. கலாராணியின் கால்கள் தாமாகவே பின்வாங்கின. பூமியே அந்த இடத்தில் முடிந்துபோனதாக அவளுக்குத் தோன்றியது. ஆனால் படைத்தலைவி பின்வாங்கலாமா? கையுறை மாட்டினாள். சாக்கை விரித்தாள். போத்தல்கள் வீழ்ந்தன, ஒற்றைச் செருப்புகள் சரணடைந்தன, யோகட் கோப்பைகள் புறமுதுகிட்டுக் காற்றில் ஓடித் துரத்திப் பிடிக்கப்பட்டன.

அப்போதுதான் அவள் அதைக் கண்டாள். மணலுக்குள் பாதி புதைந்து, மறுபாதி அலைக்குள் மறைந்து, கடலின் வயிற்றுக்குள்ளே நீண்டு கிடந்தது, கைமணிக்கட்டுப் பருமனில் ஒரு கயிறு! எத்தனை ஆமைகளின் கழுத்தைக் கேட்குமோ இந்தப் பாழ்ங்கயிறு!

கரையில் அது கட்டப்பட்டிருந்த முளையிலிருந்து அவிழ்த்துவிட்டு இழுத்தாள். வரவில்லை. கூவினாள். மடுல்சீமையே திரண்டு வந்து கயிற்றைப் பற்றியது. கொழுந்து கிள்ளிக் காய்த்த விரல்களும், மம்பட்டி பிடித்து உரமேறிய தோள்களும் ஒன்றாய்ச் சாய, குதிகால்கள் மணலில் குழி பறிக்க, “ஏலேலோ!” என்று மாரிசாமி அடியெடுத்துக் கொடுக்க, அந்தக் கருநாகம் அங்குலம் அங்குலமாக அலைகளை விட்டு வெளியேறியது. கயிறு கனக்கக் கனக்கக் கலாராணியின் இதயம் பூரித்தது. ‘இவ்வளவு குப்பையா! இதை யாருமே இதுவரை காணவில்லையே!’

அவ்வேளையில், தூரத்துத் தென்னந்தோப்பிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டியபடி ஒருவர் பாய்ந்து வந்தார்.

“ஐயோ விடுங்க! விடுங்க! அது குப்ப இல்ல, எங்கட கரவல!”

அவர் ஜெஸீம், அந்தக் கரையின் மீனவர். விடியலில் தோணியில் போய்ப் பிறைபோல் வலையை வளைத்துவிட்டு, இரு கயிறுகளின் நுனிகளையும் இரு பக்கக் கரையில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு, ஆட்களோடு தேநீர் குடிக்கப் போயிருந்தார். இரண்டு கயிற்றையும் ஒன்றாக இழுத்தால்தான் மீன் உள்ளே நிற்கும். ஒன்றை மட்டும் இழுத்தால் வலை கோணிக்கொள்ளும், மீன் திறந்த பக்கத்தால் போய்விடும்.

படை இழுப்பதை நிறுத்தியது. கலாராணியின் முகத்தில் ஈயாடவில்லை. மற்றவர் உழைப்பைக் குப்பையென்று இழுத்தவள் தான் என்ற எண்ணம், தேள்போல் அவளைக் கொட்டியது.

“தெரியாமப் பண்ணிட்டோங்க. நாங்க மலையில இருந்து வந்தவங்க. கோவிச்சுக்காதீங்க.”

ஜெஸீம் கடலைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், கயிற்றை இன்னும் விடாமல் நின்ற அந்தத் தோள்களைப் பார்த்தார். “இழுத்தது இழுத்திட்டீங்க. இப்ப விட்டா வல சுருண்டு போகும். அரவாசிப் பேர் பிடிச்சுக் கொண்டு நில்லுங்க. மத்தவங்க என்னோட அங்கால வாங்க, மத்தக் கயித்த இழுப்பம்!”

இவ்வாறு பகைமுனையில் உடன்படிக்கை பிறந்தது. மலையும் கடலும் தோளோடு தோள் நின்று இழுக்க, வலையின் மடி கரையேறியது. மீன் கொஞ்சம். போத்தலும் பொலித்தீனும் தாராளம். அவற்றின் நடுவே, ஒரு முன்துடுப்பில் பச்சை நைலோன் நூல் சதை தெரிய இறுகிய ஆமை.

“இந்த நூல் என்ட வலயில உள்ளதில்ல, அல்லாஹ் அறிய,” என்றார் ஜெஸீம், தாழ்ந்த குரலில்.

கலாராணி மணலில் அமர்ந்து அதை மடியில் வாரினாள். ஊசி போட வந்த பிள்ளையைப் பிடிப்பதுபோல் ஒரு கை தலையிலும் மறுகை துடுப்பிலும் வைத்தாள். “மாமா, மெதுவா. சரிடா கண்ணு, ஆச்சு, ஆச்சு.” கவ்வாத்துக் கத்தியின் நுனி, கிழவரின் நடுங்காத கையில், நூலுக்கும் தோலுக்கும் இடையே நுழைந்தது. நூல் அறுந்தது. அந்த நொடியே ஆமை தன் துடுப்பால் படைத்தலைவியின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டது.

நன்றி கூறாமல், திரும்பியும் பாராமல், நெளிந்து நெளிந்து நடந்து அது அலைக்குள் புகுந்தது. கலாராணியின் கண்கள் நிறைந்தன. கன்னம் வலித்ததால் என்று அவள் சொன்னாள்.

பின்னர் ஜெஸீம் தம் பங்கு மீனில் ஒரு கைப்பிடியை, அவர்கள் சமைக்கக் கொண்டுவந்திருந்த பானையில் இட்டார். படையினர் அவர் வலையில் சிக்கிய குப்பையையும் தங்கள் சாக்குகளில் கட்டினர். அடுத்த முறை வருவதற்கு முன் தமக்குச் சொல்லி அனுப்பும்படி ஆணையிட்டு, எது கயிறு எது குப்பை என்று தாமே காட்டித் தருவதாக அவர் வாக்களித்தார்.

மாலைச் செங்கதிர் மலைமுகடுகளுக்குப் பொற்கிரீடம் சூட்ட, வெற்றிச் சேனையைச் சுமந்த பஸ் வளைந்து வளைந்து வானேற, கன்னத்தில் துடுப்பின் தழும்பையே வீரப்பதக்கமாய் அணிந்து, சாளரத்தோரம் தலை சாய்த்து, ஏழு கடல்களும் தன் பெயரை உச்சரிக்கக் கேட்டபடி வீற்றிருந்தாள் கலாராணி.

பசறை வளைவில் அவளுக்கு வாந்தி வந்தது.